கீழமாசி வீதி அண்ணாச்சி கடை: சரக்கோடு வந்த நாட்டையும் சொல்லும் மளிகை

மதுரை கே.புதூரில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். காலையில் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு, சாயங்காலம் பஜ்ஜியும் வடையும். பதினெட்டு வருஷமாக மாதத்துக்கு இரண்டு தடவை கீழமாசி வீதிக்குப் போய், தேர்முட்டிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் ஒரே கடையில்தான் சாமான் வாங்குகிறேன். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார், போடவில்லை. வாசலில் கறுப்புப் பலகை தொங்கும் கடை எது என்று கேட்டால் அங்கே மூட்டை தூக்குகிற தம்பிகள் கையைக் காட்டிவிடுவார்கள்.

அந்தப் பலகைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்ற கடைகளில் பலகை இருந்தால் அதில் விலை மட்டும் இருக்கும். இங்கே சரக்கு, அது வந்த நாடு, விலை மூன்றும் இருக்கும். மார்கழி பிறந்ததும் நான் போனபோது இருந்ததை அப்படியே சொல்கிறேன்: உளுந்து பர்மா, உளுந்து நாடு, துவரை மொசாம்பிக், மைசூர்ப் பருப்பு ஆஸ்திரேலியா, பட்டாணி கனடா பழைய இருப்பு, பாதாம் கலிபோர்னியா, கிராம்பு மடகாஸ்கர், பாமாயில் இந்தோனேசியா. மிளகாய் வத்தலுக்கு நேரே மட்டும் ராமநாதபுரம் என்று நம் பக்கத்துப் பெயர்.

பலகைக்குப் பின்னால் ஒரு நீள நோட்டு உண்டு. அண்ணாச்சி தன் கையால் கோடு போட்டது. எந்தத் தேதியில் எந்தச் சரக்குக்கு டூட்டி, அதாவது இறக்குமதி வரி, ஏறியது, எந்தத் தேதியில் இறங்கியது, அன்றைக்குக் கடையில் எத்தனை மூட்டை இருப்பு இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். ஏற்றம் சிவப்பு மையில், இறக்கம் நீலத்தில். விலை ஏன் கூடியது என்று கேட்டால் கோபப்படாமல் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். இந்த ஊரில் இதைச் செய்கிற இன்னொரு மளிகைக் கடையை நான் பார்த்ததில்லை.

முதல் தடவை அந்த நோட்டைப் பார்த்தது 2019-ல். ஆனி பிறந்த சமயம். ஒரு வளைகாப்புக்குப் பாதாம் அல்வா ஆர்டர் எடுத்திருந்தேன். போன தடவையைவிட விலை கூட இருந்தது.

"என்ன அண்ணாச்சி, பாதாம் ஏறிடுச்சு?"

"இரும்புச் சண்டை தங்கச்சி."

எனக்கு விளங்கவில்லை. உட்காரச் சொல்லி, நோட்டைத் திருப்பி, பொறுமையாகச் சொன்னார். 2018 மார்ச்சில் டிரம்ப் வெளிநாட்டு இரும்புக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி போட்டார். நம் நாட்டுச் சரக்குக்கும் சேர்த்துத்தான். டெல்லியில் பதில் வரிக்குப் பட்டியல் தயாராகிவிட்டது, ஆனால் பேசித் தீர்க்கலாம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். 2019 ஜூன் 5-ல் அமெரிக்கா நமக்குக் கொடுத்துவந்த வரிச்சலுகையையும் எடுத்துவிட்டது. ஜூன் 16-ல் நம் அரசாங்கம் 28 அமெரிக்கச் சாமான்களுக்கு வரியை ஏற்றியது. பாதாம், வால்நட், ஆப்பிள், பருப்பு எல்லாம் அதில் இருந்தன. உரித்த பாதாமுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதல்.

"இரும்புக்குப் பதில் பாதாமா?" என்றேன். கலிபோர்னியா பாதாம் வெளிநாட்டில் அதிகம் விற்பதே நம்மிடம்தான் என்றார். அங்கே தோட்டக்காரன் சத்தம் போட்டால் வாஷிங்டனில் காது கொடுப்பார்கள். வலிக்கிற இடம் பார்த்துத்தான் அடிப்பார்கள். அடி அங்கே விழுந்ததோ இல்லையோ, என் அல்வாச் சட்டியில் விழுந்தது.

அண்ணாச்சி ஏற்றியிருந்தது அந்த 20 ரூபாயும் அதன்மேல் வருகிற ஜி.எஸ்.டி.யும், அவ்வளவுதான். அதே வாரம் இன்னொரு கடையில் விசாரித்தேன். கிலோவுக்கு 80 ரூபாய் ஏற்றி வைத்துக்கொண்டு, "டூட்டி ஏறிடுச்சும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எவ்வளவு ஏறியது என்று கேட்டால் பதில் இல்லை. 2023 செப்டம்பரில், டெல்லியில் ஜி20 மாநாடு கூடுவதற்குச் சில நாள் முன்னால், அந்த 20 ரூபாயை அரசாங்கம் எடுத்தது. புதுச் சரக்கு வந்திறங்கிய அன்றைக்கே அண்ணாச்சி பலகையை ஈரத்துணியால் துடைத்துக் குறைத்து எழுதினார். வரி ஏறியதால் ஏறிய விலை, வரி இறங்கியதும் இறங்கி நான் பார்த்தது அந்தக் கடையில்தான்.

எண்ணெய்க் கதை இதைவிடப் பெரிது. மெஸ் நடத்துகிறவர்களுக்குப் பருப்பு ஏறினால் குழம்பைக் கொஞ்சம் நீட்டிச் சமாளிக்கலாம், எண்ணெயில் அது நடக்காது. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. அதனால் எந்த நாட்டுக்காரர் எந்த மேடையில் என்ன பேசுகிறார் என்பதுகூட என் வாணலி வரை வந்துவிடுகிறது. 2019 செப்டம்பரில் மலேசியப் பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் காஷ்மீர் விஷயத்தில் நம் நாட்டைக் குறை சொல்லிப் பேசினார். 2020 ஜனவரி 8-ல் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு நம் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. உத்தரவில் எந்த நாட்டுப் பெயரும் இல்லை. ஆனால் கடைப் பலகையில் பாமாயிலுக்கு நேரே மலேசியா போய் இந்தோனேசியா வந்தது. 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து முடங்கியது. அதே வருஷம் ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா, தன் ஜனங்களுக்கே எண்ணெய் கட்டுப்படியாகவில்லை என்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 வரை தடை. அந்த ஒரு மாதமும் என் மெஸ்ஸில் அப்பளமும் வடையும் நிறுத்திவைத்தேன். சாப்பாட்டு விலையை ஏற்ற மனசு வரவில்லை. வந்து சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கூலி வேலைக்காரர்கள்.

ஆனால் நான் மறக்காதது 2024 செப்டம்பர். தீபாவளி அக்டோபர் 31. முறுக்கு, அதிரசம், மிக்சர் என்று நாற்பது வீட்டு ஆர்டர் கையில் இருந்தது. செப்டம்பர் 14 சனிக்கிழமை, கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி மூன்றுக்கும் அடிப்படை வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக்கினார்கள். கூட வரும் செஸ் என்கிற மேல்வரி எல்லாம் சேர்ந்து 5.5 சதவீதமாக இருந்தது 27.5 ஆனது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75. திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருப் பக்கத்துக் கடையில் டின்னுக்கு 250 ரூபாய் ஏற்றியிருந்தார்கள். அடுக்கி வைத்திருந்தது முந்தின வாரம் நான் பார்த்த அதே டின்கள். தூசி கூடத் தட்டவில்லை.

வயிறு எரிய, ஆட்டோ பிடித்துக் கீழமாசி வீதிக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு டின்னைத் திருப்பி, அடியில் அடித்திருந்த தேதியைக் காட்டினார். "இது ஆவணியில வந்த சரக்கு தங்கச்சி. இதுக்கு நான் கட்டுனது பழைய டூட்டி. இது தீர்ற வரைக்கும் பழைய ரேட்டுதான். உனக்கு எட்டு டின் எடுத்து வைக்கேன், அதுக்கு மேல கேக்காதே, மத்தவுகளுக்கும் வேணும்." பழைய வரியில் வந்த இருப்பு தீரும் வரை விலையை ஏற்றாதீர்கள் என்று அரசாங்கமே எண்ணெய்க் கம்பெனிகளைக் கூப்பிட்டுச் சொன்ன செய்தி அதற்கு அடுத்துத்தான் வந்தது. அண்ணாச்சி அதற்குக் காத்திருக்கவில்லை.

பத்து நாளில் புதுச் சரக்கு வந்தது, விலையும் ஏறியது. அப்போது நான் கொஞ்சம் கத்திவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் சோயா விதைக்கிறவன் குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் ஆதரவு விலை என்று அரசாங்கம் சொன்னதைக்கூட மண்டியில் வாங்க முடியாமல் நிற்கிறான், வெளிநாட்டு எண்ணெய் வரியில்லாமல் வந்து கொட்டினால் அவன் எங்கே போவான், என்று கேட்டார். மகாராஷ்டிரத்துக்குத் தேர்தல் வருகிறது என்பதையும் மறைக்கவில்லை. நான் விவசாயி வீட்டில் பிறந்தவள், எங்கள் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் கடலை போட்டவர். அந்த நியாயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் டின்னின் விலை குறையவில்லை. ஆனால் எதற்காகக் கூடக் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுப்பதும், யாரோ பையில் போட்டுக்கொள்வதற்காகக் கொடுப்பதும் ஒன்றில்லை.

2025 மே கடைசியில் கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள், எல்லாம் சேர்த்து 16.5. சுத்திகரித்ததற்கு 35.75 அப்படியே நின்றது. ஏன் அதை விட்டுவிட்டார்கள் என்று கேட்டேன். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால் கச்சாவாகக் கொண்டுவந்து இங்கேயே சுத்தம் செய்வார்கள், நம் ஆலைகளுக்கு வேலை கிடைக்கும் என்றார். நோட்டில் நீல மையில் அந்தத் தேதி இருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பலகையில் விலை இறங்கியது.

உளுந்து வாங்குகிறவர்கள் இந்தக் கடைக்குக் கட்டாயம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். மதுரையில் இட்லிக்கடை வைத்து நடத்துகிறவளுக்கு உளுந்துதான் உயிர். நாட்டு உளுந்து கல்லில் விழுந்து கால் மணி நேரத்தில் பொங்கி வரும், தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும், கையால் வழித்தால் வெண்ணெய் மாதிரி விரலில் நிற்கும். பர்மா உளுந்து அவ்வளவு பொங்காது. இன்னும் ஒரு கால்படி சேர்த்துப் போட வேண்டும். விலை கம்மி என்று வாங்கினால் கணக்கு அங்கேதான் இடிக்கும். பல கடைகளில் இரண்டையும் கலந்து ஒரே பெயரில் கொடுப்பார்கள். அண்ணாச்சி இரண்டு மூட்டையையும் தனித்தனியாகத் திறந்து வைத்திருப்பார். இரண்டிலும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து, "பாத்துக்க" என்பார். வடைக்கும் தோசைக்கும் பர்மா, இட்லிக்கு நாடு என்று நான் பிரித்து வாங்குகிறேன்.

பர்மாவிலிருந்து வருவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2021-ல் அந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டார்கள்: வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை, ஐந்து வருஷத்துக்கு. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜனங்களை அடக்குகிற அரசாங்கத்தோடு இந்த வியாபாரம் எப்படி என்று எனக்கு மனசில் உறுத்தல் உண்டு. அங்கேயும் விதைத்து அறுக்கிறவன் ஒரு சம்சாரிதான், வாங்காவிட்டால் அவன் வயிறு காயும் என்றார் அண்ணாச்சி. அதையும் மறுக்க முடியவில்லை. துவரைக்கு இதே மாதிரி மொசாம்பிக்கோடு வருஷத்துக்கு 2 லட்சம் டன். இப்போது பிரேசிலில்கூட நமக்காக உளுந்து போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு கிலோ வாங்கி அரைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அடுத்தது கடலை மாவு. இதில் நான் வேறு இடத்தில் ஏமாந்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு வரியை மொத்தமாக எடுத்தார்கள். கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்து குவிந்தது. கடலைப் பருப்பைவிட மலிவு. மலிவானதும் அது கடலை மாவுக்குள் புகுந்துவிட்டது. ஒரு நாள் அவசரத்துக்கு வேறு கடையில் மாவு வாங்கி வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். மேல் ஓடு காய்ந்த மண் மாதிரி விறைத்துக்கொண்டது, எண்ணெயையும் குடித்தது, வாயில் பச்சை வாடை. தினம் வருகிற பெரியவர் ஒருவர் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணாச்சி கடையில் கடலை மாவு, பட்டாணி மாவு இரண்டும் தனித்தனி டப்பா, தனித்தனி விலை. கண் முன்னால் கடலைப் பருப்பைக் கொட்டி அரைத்துத் தரச் சொன்னாலும் பக்கத்து மில்லுக்குப் பையனை அனுப்பி அரைத்துத் தருவார்.

2025 நவம்பர் 1 முதல் பட்டாணிக்கு 30 சதவீதம் வரி போட்டார்கள். வடக்கே கடலையும் துவரையும் போட்டவர்கள் பட்டாணியால் தங்கள் விலை விழுந்துவிட்டது என்று கேட்டுக்கேட்டு வந்தது இது. இதற்கு முன்னால் 2017 நவம்பரிலும் ஒரே ராத்திரியில் 50 சதவீதம் போட்டார்கள். கனடாவில் சஸ்காட்சுவான் பக்கம் நம்மை நம்பிப் பட்டாணி விதைத்தவனுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். திறப்பதும் அடைப்பதுமாக இருந்தால் இங்கே உள்ள சம்சாரியும் என்ன விதைப்பது என்று தெரியாமல் நிற்பான். பலகையில் "பழைய இருப்பு" என்று எழுதியிருந்ததற்கு அர்த்தம், அந்த மூட்டைகளுக்கு 30 சதவீதம் சேரவில்லை என்பது.

பெருங்காயம் தனியாகச் சொல்ல வேண்டியது. அதற்கான செடியின் பால் நம் நாட்டில் விளைவதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வருவதுதான். இமாசலத்தில் லாஹுல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் முதல் செடியே நட்டார்கள். 2025 ஏப்ரலில் பகல்காம் படுகொலைக்குப் பிறகு பஞ்சாபில் பாகிஸ்தானுக்குப் போகும் அட்டாரி எல்லையை அடைத்தார்கள். மே 2-ல் பாகிஸ்தான் சரக்கு எந்த வழியாக வந்தாலும் தடை என்று உத்தரவு வந்தது. ஆப்கன் சரக்கு வருகிற தரைவழி அதுதான். அண்ணாச்சி அந்த வாரம் கட்டிப் பெருங்காயத்தை ஆளுக்கு நூறு கிராமுக்கு மேல் தரவில்லை. விலையை ஏற்றாமல் பங்கிட்டுக் கொடுத்தார். பாகிஸ்தானில் வெட்டி வருகிற இந்துப்பு கேட்டேன், இல்லை என்றுவிட்டார். வேறு நாட்டுச் சீட்டு ஒட்டி ஒருவர் கொண்டுவந்தாராம், எங்கே வெட்டியது என்பதற்குப் பில் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார். என் மாமியாருக்கு வைத்தியர் சொன்ன உப்பு அது. கிடைக்கவில்லை என்ற வருத்தம் இருந்தாலும் அவர் செய்தது சரி.

நாம் மட்டும் அடி வாங்குகிறோம் என்று அந்த நோட்டு சொல்லாது. 2023 ஜூலை 20-ல் நம் அரசாங்கம் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும், அடுத்த மாதம் புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டதும் சிவப்பு மையில் இருக்கின்றன. பினாங்கில் இருக்கும் என் நாத்தனார் அப்போது போன் செய்து, பொன்னி அரிசி விலை கேட்டால் மயக்கம் வருகிறது, உங்கள் ஊர்க்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அழாக்குறையாகக் கேட்டாள். அந்தக் கேள்வியை நான் இந்தோனேசியாக்காரர்களைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். 2024 அக்டோபரில்தான் புழுங்கலுக்கு வரி முழுக்கப் போனது.

அடுத்தது அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 7-ல் நம் சரக்குக்கு 25 சதவீதம், ரஷ்யாவிடம் பெட்ரோலிய எண்ணெய் வாங்குவதற்காக என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 என்று வரி போட்டார்கள். இது அண்ணாச்சி பலகையில் வராத விலை, ஏனென்றால் வாங்குகிறவன் அங்கே இருக்கிறான். ஆனால் தூத்துக்குடியில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. நம் இறாலை அதிகம் வாங்குகிறவர்கள் அமெரிக்காக்காரர்கள்தான். சமாதானம் பேசி முடிக்கும்போது அமெரிக்கச் சரக்குக்கு எந்தக் கதவைத் திறப்பார்கள் என்பதைத்தான் அண்ணாச்சி அப்போது கவனித்துக்கொண்டிருந்தார். பாதாம் இறங்கினால் எனக்கு லாபம். சோயாவோ மக்காச்சோளமோ தடையில்லாமல் வந்தால் திண்டுக்கல், பெரம்பலூர்ப் பக்கம் சோளம் போடுகிறவர்கள் கதி என்ன என்பதை நினைத்தால் அந்த லாபம் எனக்கு இனிக்கவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். கடை குறுகல், நான்கு பேர் நின்றால் ஐந்தாமவர் வெயிலில் நிற்க வேண்டும். ஒரு தடவை பையன் எடுத்துக் கட்டிய பாதாமில் காறல் வாடை அடித்தது. மறுநாள் திருப்பிக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் மாற்றினார், ஆனால் என் ஒரு நாள் வேலை போனது. கடன் பதினைந்து நாளுக்கு மேல் கிடையாது. எத்தனை வருஷப் பழக்கம் என்றாலும் கிடையாது. வீட்டுக்கு அனுப்புவதும் ஐம்பது கிலோவுக்கு மேல் எடுத்தால்தான். பெருஞ்சீரகம் இவரிடம் சுமார்தான், நான் வேறு இடத்தில் வாங்குகிறேன். மிளகு நன்றாக இருக்கும். வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சுற்றி வருகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து கேரள மலைச் சரக்கைத் தவிர அவர் தொடுவதில்லை.

போகிறவர்கள் காலை பத்தரைக்குள் போய்விடுங்கள், பிறகு லாரி நுழைந்தால் சந்து அடைந்துவிடும். வண்டியைத் தெருவிலேயே ஓரமாக விட்டுவிட்டு நடப்பது நல்லது. சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடுகிற நாளில் அந்தப் பக்கமே போக முடியாது, அந்த வாரத்துச் சாமானை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஞாயிறு விடுமுறை. கனமான துணிப்பை கொண்டு போங்கள். உளுந்து எடுக்கும்போது எந்த மூட்டை என்று கேட்டு, நோட்டையும் ஒரு தடவை பார்க்கக் கேளுங்கள். காட்டுவார்.